அப்பாவின் துப்பாக்கியும் ஆறு கேள்விகளும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னிடம் கேட்டுக்கொண்டது, "சர்க்கார் ஆபீசிலிருந்து கேள்வி கேட்டுக் கடிதம் வந்தால் எப்படிப் பதில் போடுவது என்று கொஞ்சம் பேசுங்கள்" என்றுதான். சொத்து வரி, பட்டா மாறுதல் என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது துப்பாக்கி லைசென்ஸ் பற்றி.

சிரிக்கிறீர்கள். நம் குடியிருப்பிலேயே, எனக்குத் தெரிந்து, மூன்று வீட்டுக்காரர்களுக்கு ஊரில் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ ஒரு பழைய துப்பாக்கி இருக்கிறது. அதில் ஒருவருடைய கதையைத்தான் அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். பொன்னேரிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பல வருஷம் கிளார்க்காக இருந்தேன். வாசலில் நிற்கும் காவலர் கையில் ஒரு 12 போர் துப்பாக்கி இருக்கும். லைசென்ஸ் வங்கியின் பேரில். காவலர் பெயர் அதில் 'ரிடெய்னர்' என்று சேர்க்கப்பட்டிருக்கும். காவலர் மாறினாலும் புதுப்பிக்கும் காலம் வந்தாலும் அந்த ஃபைல் என் மேஜைக்குத்தான் வரும். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஃபைலை மட்டும் நிறையத் தொட்டிருக்கிறேன்.

நம் நண்பரின் அப்பா பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவ கிராமத்தில் இறால் கமிஷன் வியாபாரம் செய்தவர். ஏலம் முடிந்து ரொக்கத்தோடு இரவில் படகில் திரும்ப வேண்டிய காலம் அது. அதனால் 1978-இல் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கினார். என் கவுன்ட்டருக்குப் பணம் கட்ட வருவார், துப்பாக்கியை ஒரு நாளும் கொண்டு வந்ததில்லை. (அந்த ஊருக்கும் வெடிமருந்துக்கும் சம்பந்தம் பழையது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே ஜெல்டிரியா கோட்டை கட்டி, பிறகு வெடிமருந்தும் தயாரித்துக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். இன்று மிச்சம் இருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம்.)

பெரியவர் 79 வயதில் காலமானார். துப்பாக்கி பீரோவிலேயே இருந்தது. ஒரு வருஷம் கழித்து நண்பர், வாரிசு என்ற முறையில் தன் பேரில் லைசென்ஸ் கேட்டு ஆன்லைனில் ஏ-1 படிவம் போட்டார். மருத்துவச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்திருந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம். பிடிவாரண்ட் வந்தவர் மாதிரி முகம்.

"சார், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

வாங்கிப் படித்தேன். எங்கேயும் ரிஜெக்ட் என்று இல்லை. ஆறு கேள்வி கேட்டு, பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். ஆயுதச் சட்டம், 1959 படி விண்ணப்பம் வந்தால் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி பக்கத்துப் போலீஸ் நிலையத்தின் அறிக்கையைக் கேட்க வேண்டும், தேவை என்று நினைத்தால் தானும் விசாரிக்கலாம். அதன் பிறகுதான் கொடுப்பதும் மறுப்பதும். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், நீங்கள் கேட்டால், பொதுநலன் கருதி மறைக்க வேண்டிய நிலை இல்லாத வரை, அதைச் சொல்ல வேண்டும், மேல்முறையீடும் உண்டு. கேள்விக் கடிதம் என்பது அந்த விசாரணையின் நடுவில் வருவது. வங்கியில் கே.ஒய்.சி. தாள் கேட்டால் வாடிக்கையாளர் கோபப்படுவார், "இருபது வருஷமா வர்றேன், என்னைத் தெரியாதா?" என்பார். எனக்குத் தெரியும் ஐயா, ஃபைலுக்குத் தெரியாதே!

முதல் கேள்வி நம் குடியிருப்பையே தொட்டது. "விண்ணப்பதாரர் கொடுத்த சென்னை விலாசத்தில் வசிக்கவில்லை என்று அறிக்கை வந்துள்ளது. விளக்கவும்." பன்னிரண்டு வருஷமாக இங்கே குடியிருப்பவர்! நடந்தது இதுதான். போலீஸ்காரர் ஒருவர் பகலில் வந்து கேட்டில் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஃபிளாட் அவர் மனைவி பேரில் உள்ளது. செக்யூரிட்டியிடம் இருந்த பட்டியலில் உரிமையாளர் பெயர் மட்டும்தான். "அப்படி யாரும் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செக்யூரிட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாம் கொடுத்த பட்டியல் அது. ஆதார், மனைவி பேரில் உள்ள மின்கட்டண ரசீது, திருமணச் சான்று, சங்கத்தின் குடியிருப்புக் கடிதம் நான்கையும் வைத்துப் பதில் எழுதினோம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும்போதும் இதே கதை நடக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வசிக்கும் பெரியவர்கள் அத்தனை பேர் பெயரும் கேட்டில் இருக்க வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் பெயரும்தான்.

இரண்டாவது கேள்விதான் நண்பரைத் தூங்கவிடாமல் செய்தது. "லைசென்ஸ்தாரர் இறந்த நாள் முதல் இன்று வரை ஆயுதம் யாருடைய வசத்தில் இருந்தது?"

உண்மையான பதில்: பதினான்கு மாதமாக வீட்டுப் பீரோவில். சட்டம் என்ன சொல்கிறது என்றால், லைசென்ஸ்தாரர் இறந்தாலும் சரி, லைசென்ஸ் காலாவதியானாலும் சரி, வீட்டில் ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன உடனே, தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ டெபாசிட் செய்ய வேண்டும். டெபாசிட் செய்வதால் உரிமை போய்விடாது; வாரிசு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது விற்கலாம். செய்யாமல் வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது. சிறை வரை போகிற குற்றம். "அப்பா துப்பாக்கிதானே" என்பது அதற்குப் பதில் ஆகாது.

நண்பருக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "போன மாசம்தான் பார்த்தேன்னு எழுது" என்றார் ஒருவர். "அம்மா வசம் இருந்ததுன்னு போடு, வயசானவங்களை என்ன செய்யப் போறாங்க" என்றார் இன்னொருவர். எழுபது வயது தாண்டிய அம்மாவை, தெரிந்தே ஒரு குற்றத்துக்குப் பொறுப்பாக்கிக் கையெழுத்துப் போடுவதா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது மட்டுமில்லை. மரணச் சான்றில் தேதி இருக்கிறது, விண்ணப்பத்தில் துப்பாக்கி நம்பரை அவரே பார்த்து எழுதியிருக்கிறார். பொய் எழுதினால் ஒரு தாமதம் இரண்டு குற்றமாகும்.

நான் சொன்னது இரண்டே விஷயம். பதில் எழுதுவதற்கு முன்னால் துப்பாக்கி டெபாசிட்டுக்குப் போக வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னை நம்பாதே, வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு. நான் கிளார்க், வக்கீல் இல்லை.

டெபாசிட் செய்வதிலும் ஒரு சிக்கல். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரோட்டில் போவதே தவறு. அதிலும் இவர்கள் வீடு இருப்பது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில். படகில் ஏரியைக் கடந்தால் சீக்கிரம். ஆனால் ஏரி பறவைகள் சரணாலயம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. பெரியவர் காலத்தில் இதையெல்லாம் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நண்பர் முதலில் போலீஸ் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்தார். அவர்களே ஆள் அனுப்பி, தரை வழியாக எடுத்துப் போனார்கள். துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை, தேதி மூன்றும் எழுதிய ரசீது வாங்கினார். அந்த ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். தேர்தல் நேரத்தில் டெபாசிட் செய்யச் சொல்வார்களே, அப்போதும் இதே விதிதான்.

பிறகு பதில் எழுதினோம். பதினான்கு மாதம் பீரோவில் பூட்டி இருந்தது. சாவி தாயாரிடம் இருந்தது. டெபாசிட் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் இந்தத் தேதியில் ஒப்படைத்தேன், ரசீது நகல் இணைப்பு. நான்கு வரி. வக்கீல் ஒரு வார்த்தை மாற்றினார். நிலையத்தில் அரை நாள் உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள், கண்டித்தார்கள், வழக்குப் போடவில்லை. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மூன்றாவது கேள்வி தோட்டா. லைசென்ஸ் புத்தகத்தில் கடைசியாக வாங்கியது பத்து. ஒப்படைத்தது ஏழு. மூன்று எங்கே? வங்கியில் பத்து ரூபாய் இடித்தாலே இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுவோம், எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. அம்மாவிடம் கேட்டபோது உடனே சொன்னார். 2004 டிசம்பர் 26, சுனாமியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கீழ்த் தட்டில் தனியாக இருந்த மூன்று தோட்டா நனைந்து பச்சை பிடித்துவிட்டது. பெரியவர் அதைத் துப்பாக்கிக் கடையில் கொடுத்துவிட்டார். ரசீது இல்லை. அப்படியே எழுதினோம்: தாயார் சொன்ன விவரம் இது, ரசீது எங்களிடம் இல்லை.

நான்காவது கேள்வியைப் படித்தபோது எனக்கே புதிதாக இருந்தது. "நிரந்தர விலாசம் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ளதா? முந்தைய லைசென்ஸ்தாரர் பெயர் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்ததா?"

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 34. ஓர் இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளோ 10 கிலோமீட்டருக்குள்ளோ வசித்து லைசென்ஸோடு ஆயுதம் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் வனத்துறையில் தங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் புது லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். 2022-இல் வந்த திருத்தம், புதுப்பிப்பதையும் அவர்களுக்குத் தெரிவித்துத்தான் செய்ய வேண்டும் என்று சேர்த்தது. பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமானது 1980-இல். பெரியவர் லைசென்ஸ் 1978. ஆகவே அவர் பதிவு செய்திருக்க வேண்டியவர். மகனுக்குக் கொடுப்பது புது லைசென்ஸ், ஆகவே கிராமத்து விலாசம் என்றால் வனத்துறை ஒப்புதலும் வேண்டும். பூநாரை வந்து இறங்குகிற தண்ணீர் அது. பக்கத்தில் யார் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஒரு கணக்கு வேண்டும் என்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

1980-இல் பதிவு செய்தாரா? டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். இறால் கணக்கு நோட்டுகள், படகுக் கடன் தாள்கள், என் கையெழுத்துப் போட்ட பழைய சலான் ஒன்று கூடக் கிடைத்தது. வனத்துறைத் தாள் கிடைக்கவில்லை. நண்பர், "பதிவு செய்திருந்தார்னு போட்டுடலாமா சார்?" என்றார். கூடாது. "தேடிப் பார்த்தோம், அப்படியான சான்று எங்களிடம் இல்லை, 1978 முதல் உள்ள புதுப்பிப்புப் பக்கங்களின் நகல் இணைப்பு, தங்கள் அலுவலகப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டுகிறேன்" என்று எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பதிலைக் காலியாக விட்டால்தான் மறுபடி கடிதம் வரும்.

ஐந்தாவது, எதற்குத் துப்பாக்கி வேண்டும்? "உயிருக்கு ஆபத்து" என்று எழுதலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. எழுதினால், யார் மிரட்டினார், புகார் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். வாரிசாக வந்த ஆயுதம் என்றால் வாரிசாக வந்தது என்றே எழுதலாம், ஆயுத விதிகள், 2016-இல் அதற்கே தனி வழி இருக்கிறது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முந்தியோ அப்போது, தான் விரும்பும் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கும்படி அவரே கேட்கலாம். மகன், மகள் மட்டுமில்லை, மருமகளும் இதில் வாரிசுதான். நம் பெரியவர் 2003-இலேயே 25 வருஷத்தைத் தாண்டிவிட்டார். யாரும் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை, வாரா வாரம் அவரைப் பார்த்தும்.

ஆறாவது, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற அஃபிடவிட். தங்கை சிங்கப்பூரில். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி வர வேண்டும், பதினைந்து நாளில் ஆகாது. கெடு முடிந்த பிறகு கைபிசையாமல், பத்தாவது நாளே தயாராக இருந்த ஐந்து பதிலையும் அனுப்பிவிட்டு, ஆறாவதுக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டோம். மேலே 'பார்வை' என்று போட்டு அவர்கள் கடித எண், தேதி. கேள்வி எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் பதில். ஒவ்வொரு நகலுக்கும் இணைப்பு எண். நேரில் கொண்டுபோய் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். கேட்காததை ஒரு வரியும் எழுதவில்லை. நண்பர் ஒரு பக்கத்துக்குக் குடும்பப் பெருமை எழுதி வைத்திருந்தார், அதை நான் கிழித்துவிட்டேன்.

அம்மாவின் கையெழுத்துக்காக நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அஃபிடவிட்டைப் படித்துக் காட்டினேன். 'எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல நான் என்னன்னு எழுதணும் சார்?"

"துப்பாக்கி உங்க மகன் பேருக்கு மாற உங்களுக்குச் சம்மதம்னு அம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு அந்தப் போலீஸ்காரர் அத எடுத்துட்டுப் போனாரே, அன்னிக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன்பா. பேரப்புள்ளைங்க வர்ற நாளெல்லாம் சாவிய இடுப்புல சொருவிக்கிட்டே படுத்திருப்பேன். திரும்பவும் இங்கதான் வருமா?"

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"அப்பா சாமான், நீ ஆசையா இருக்கியேன்னு விட்டுட்டேன். நீயும் கேக்கலியே."

அவர் ஆசைப்பட்டதே அம்மாவுக்காகத்தான். அப்பா ஞாபகமாக வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா நினைப்பார் என்று இவராக நினைத்துக்கொண்டார். அஃபிடவிட்டை மடித்துப் பையில் வைத்தேன். திரும்பி வரும்போது மீஞ்சூர் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் கடைசிக் கடிதம் எழுதினோம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். டெபாசிட்டில் உள்ள துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள டீலருக்கு விற்க அனுமதி வேண்டும். அதற்கும் ஒரு கேள்வி வந்தது, தங்கையின் சம்மதம் எங்கே என்று! இந்த முறை நண்பர் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பதிலை அவரே எழுதிவிட்டு நகலை மட்டும் காட்டினார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது.

டீ வந்துவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன். நான் முதலில் சொன்ன மூன்று வீட்டில் இன்னும் இரண்டு வீடு பாக்கி இருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் முடிந்ததும் ஏ பிளாக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், தேதி முடிந்துவிட்டதா, கணினியில் கொடுத்த தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். புத்தகத்தை மட்டும். துப்பாக்கியைக் கொண்டு வந்துவிடாதீர்கள்.